வட்டகொடையில் நான் தவறாக எழுதிய தாளம்

இசையமைக்க வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மலையகத்தைப் பற்றி இசை செய்திருக்கிறோம், கேட்டுச் சொல்லுங்கள் என்றீர்கள். கேட்டேன். புல்லாங்குழல், குருவிச் சத்தம், அடியில் லேசாகத் தப்பு மேளம். எங்கே போய்ப் பதிந்தீர்கள் என்று கேட்டதற்கு, "கொழும்பிலேயே முடிச்சிட்டோம் ஐயா, தப்புச் சத்தம் கையில இருந்திச்சு" என்றீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். தேநீர் கொடுக்காததற்கு வருத்தப்படுகிறேன். கோபப்பட்டதற்கு வருத்தப்படவில்லை.

அந்தக் கோபத்தில் பாதி என் மீதுதான். நீங்கள் போகாமல் கெடுத்தீர்கள். நான் போய், நேரில் கேட்டு, எழுதி, அப்புறமும் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுரம் எழுதுவது, ஒலிவாங்கி வைப்பது பற்றியெல்லாம் எழுத மாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையின் மகன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆனால் தப்புச் சத்தம் கேட்டால் என் அப்பா ஜன்னலைச் சாத்துவார். என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பி வயலின் படிக்க வைத்தார். திரும்பி வந்து கொழும்பு வானொலியில் வாத்தியக் குழுவின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் அமைத்த பாட்டுக்கு ஏழு வருடம் வில் இழுத்தேன். ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், மலைநாட்டைப் பற்றிக் கால்மணி நேர இசை ஒன்று செய்து காட்டு என்று மேலதிகாரி சொன்னார். சரியாக வந்தால் இனி இசையமைப்பாளன். வராவிட்டால் பழைய நாற்காலி. அவர் அதை ஒளித்துச் சொல்லவில்லை. முகத்துக்கு நேராகவே சொன்னார்.

எனக்குப் பயமே வரவில்லை. என்னிடம் ஒரு புதையல் இருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், மாசி மாதம், ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் காலம். மேட்டில், வளைவுக்கு அப்பால், யாரோ தப்பு அடித்துக்கொண்டு போனார்கள். ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. ஏழு எண்ணிக்கை. முதல் நாலு பலமான அடி, பிறகு மூன்று மெல்லிய அடி. அந்த மூன்றும் எப்படி இருந்தன என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. தோலில் குச்சி பட்ட சத்தமாகவே இல்லை. பஞ்சில் சுற்றிய சத்தம். பலமான நாலிலும் முதலாவது அடி மட்டும் மற்ற மூன்றை விடக் கனமாக, அடியில் இன்னொரு அடி ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. மிருதங்கத்தில் வருடக் கணக்காகச் சாதகம் செய்தவர்களிடம்கூட அப்படி ஒரு நுணுக்கத்தை நான் கேட்டதில்லை. பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு ரயிலில் உட்கார்ந்து என்னையே மெச்சிக்கொண்டேன். எத்தனை பேர் இந்த ஸ்டேஷனில் நின்றிருப்பார்கள், எனக்கு மட்டும்தானே காது இருக்கிறது என்று.

அந்த ஏழின் மேல் செஞ்சுருட்டியில் ஒரு மெட்டுப் போட்டேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் பாடும் ஒரு பாட்டின் நடையை எடுத்து, ராகத்தில் உட்கார வைத்தேன். ஏழு எண்ணிக்கையிலும் ஒரு இடம் மிச்சம் இல்லாமல் கமகம். நிரப்பி வைத்தேன் என்பதுதான் சரியான சொல்.

தப்படித்தவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். பிடித்துவிட்டார்கள். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பேரப் பிள்ளைகள் இப்போது படித்து வேலையில் இருக்கிறார்கள். தாத்தா தப்படித்தார் என்று நான் அச்சில் போட்டால் அவர்களை எவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அந்த நிலை இன்னும் மாறாததற்கு வெட்கப்பட வேண்டியது அவர்கள் இல்லை. தப்புக்காரர் என்றே எழுதுகிறேன். என் வயதுதான் அவருக்கு. அவரோடு பாட்டுப் பாட அவருடைய மதினி மாரியாயி வந்தார். கொழுந்து பறிக்கிறவர். மேட்டில் நின்று பேசினால் பள்ளத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டிய குரல்.

சனிக்கிழமை ஹட்டனில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை. மறுநாள் காலை அதே மண்டபத்தில் பதிவு. பதிவு வண்டி கொழும்பிலிருந்து வந்து வாசலில் நின்றது. மிருதங்கத்துக்கு என் குழுவின் மூத்த வித்துவான். தப்புக்காரரை அவர் தன் வரிசையில் உட்கார விடவில்லை. மூலையில் நிற்க வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசிக்கத் தொடங்கினோம். தப்புக்காரர் நாலு அடி அடித்தார். நிறுத்தினார். அடுத்த சுற்றுக்கு மறுபடி நாலு. நிறுத்தினார்.

"ஏம்பா, மிச்ச மூணு எங்க?" என்றேன்.

"எந்த மூணுங்க?"

"ஏழுல நாலு போனா வர்ற மூணு. வர்ற வழியில தொலைச்சிட்டியா?"

குழு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நான் எப்பவும் நாலு தாங்க அடிப்பேன். மத்தது நம்ம அடி இல்லீங்க."

"பின்ன எவன் அடிக்கிறான்?"

"அங்க அடிக்கும்ங்க. இங்க அடிக்காது."

வித்துவான் மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கினார். "தம்பி, இவன் காலையிலேயே தண்ணி போட்டுக்கிட்டு வந்திருக்கான். ஆளை அனுப்பிடு. அந்த மூணையும் நானே சேத்து வாசிக்கிறேன்."

நான் பயணச்சீட்டை எடுத்துத் தப்புக்காரரின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன். "இதுல எழுதியிருக்கு பாரு. நீ அடிச்சதுதான். நான் என் காதால கேட்டேன். அடிக்க முடிஞ்சா அடி, இல்லேன்னா கெளம்பு."

அவர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாரியாயி தன் கம்பளியை உதறி மடித்தார்.

"நீ எங்கம்மா போற?"

"கொளுந்தன் போனா நான் இங்க யாருக்குங்க பாட? ஒரு நாள் வேலைய விட்டுட்டு வந்தோம். கணக்கப்புள்ள வீட்டுப் புள்ளைக்கு நல்லா எண்ணத் தெரியும்னு நெனச்சேன். எண்ணத் தெரியுது, கேக்கத் தெரியல."

போய்விட்டார்கள்.

நான் பின்னால் போனது நியாயத்துக்காக என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டுக்காரி போய்விட்டார், மறுநாள் காலை பதிவு, அவர் இல்லாமல் அந்தக் கால்மணி நேரமும் வெறும் வயலின். பழைய நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்த ரயிலில் ஏறி வட்டகொடையில் இறங்கினேன். அவர்கள் எனக்கு முன்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார்கள். லயத்து வாசலில் தப்புக்காரர் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி, தப்பின் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது. கணக்கப்பிள்ளை மகனுக்கு அப்படித்தான் சுருக்கென்னும்.

"மாரியாயி நாளைக்கு வரணும்" என்றேன்.

"அவங்க இஷ்டம்ங்க."

"நீ வந்தா வருவாங்க."

"நான் வந்து நாலு தாங்க அடிப்பேன்."

"நான் ஏழு கேட்டேனே" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. என் தொழிலில் என் காதைத் தவிர எனக்கு எதுவும் இல்லை. அது பொய் சொல்லியிருந்தால் நான் யார்?

அவர் அனலிலிருந்து தலை நிமிர்ந்தார். "அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"ஸ்டேஷன்ல."

"அதான்" என்று தப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க."

லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில் மேடு. எதிரே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலை ஏற முடியாத ஒரு மொட்டைப் பாறை, ஒரு சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதற்கு நேர் எதிரே கோயில் முற்றத்தில் ஒரு இடத்தில் போய் நின்றார். இரண்டடி பின்னால் நகர்ந்து சரி பார்த்துக்கொண்டார்.

நாலு அடித்தார். நிறுத்தினார். பாறை மூன்று அடித்தது.

பிள்ளைகளே, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பஞ்சில் சுற்றிய அதே மூன்று அடி. நான் பயணச்சீட்டில் எழுதியது, இந்த மனிதனின் விரல் நுணுக்கம் என்று நான் கொண்டாடியது, எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் மறுபடி நாலு அடித்தார். மறுபடி மூன்று வந்தது. குச்சி இரண்டும் அவர் கையில் அசையாமல் இருந்தன.

"நாலாவது அடி எங்க போகுது?" என்றேன். நாலு அடித்தால் நாலு திரும்ப வேண்டும்.

"அடுத்த மொத அடிக்குள்ள போயி உக்காந்துக்கும். அதான் மொத அடி கனமா இருக்கும். கேட்டீங்களா இல்லியா?"

கேட்டிருந்தேன். அடியில் இன்னொரு அடி ஒட்டியிருப்பது போல என்று. அது நிஜமாகவே ஒட்டியிருந்தது.

"வேகமா அடிச்சா?" என்றேன்.

கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். பாறையின் அடி தப்பின் மேல் ஏறி இடித்து, எல்லாம் சிதறிப் போனது. குறைத்தார். நடுவில் ஓட்டை விழுந்தது. பழைய நடைக்கு வந்தார். கூடியது. "இந்த எடத்துக்கு இதான் வேகம். நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாதுங்க. கீழ வளைவுக்குப் போனா பாறை கிட்ட வந்துரும், அங்க வெரசா அடிக்கணும். சாமி தூக்கிட்டுப் போறப்ப அப்பிடியே மாத்திக்கிட்டே போவோம். தொழிற்சாலைப் பக்கம் பதிலே இல்ல. அங்க அடிச்சாலும் நாலோட சரி."

எங்கள் சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்று ஒன்று உண்டு. தொடங்கிய வேகத்தைக் கடைசிவரை காப்பது. அதற்காக என் குரு என் தொடையில் தட்டித் தட்டி எண்ண வைத்திருக்கிறார். அந்த வேகம் நான் தேர்ந்தெடுப்பது என்றே முப்பது வயதுவரை நினைத்திருந்தேன். இந்த மனிதர் அதை ஒரு பாறையிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அடிக்கச் சொல்லிக் கேட்டேன் என்று நினைவில்லை. மாரியாயி மேலே ஏறி வந்து, "மயக்கம் போட்டுட்டாரா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"இல்ல மதினி. இப்பத்தான் கேக்குறாரு."

அதற்குப் பிறகுதான் நான் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பதிவு வண்டியை வட்டகொடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பதிவு அதிகாரியிடம் சண்டை போட்டேன். வித்துவான் தோட்டத்துக்கு வர மறுத்தார். மிருதங்கம் இல்லாமலே போனோம். கோயில் முற்றத்தில் நின்று என் மெட்டை வாசித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்ற எண்ணிக்கைகளில் நான் போட்டிருந்த கமகமெல்லாம் பாறையின் வாயைப் பொத்தின. இரண்டு மாத உழைப்பு. அங்கேயே, எல்லாரும் காத்திருக்க, பென்சிலால் அந்த மூன்று இடத்தையும் அடித்துவிட்டேன். எல்லாச் சுற்றிலும். புல்லாங்குழல்காரர், "அண்ணே, எலும்புதான் மிஞ்சும்" என்றார். மிஞ்சட்டும் என்றேன். மாரியாயியையும் நாலு எண்ணிக்கைக்குள் பாடி நிறுத்தச் சொன்னேன்.

"இதத்தானே நாங்க எப்பவும் பாடுறோம். நீங்கதான் நடுவுல இழுத்து வச்சீங்க" என்றார்.

பாடினார். நிறுத்தினார். அவர் குரல் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. பதிவு அதிகாரி காதுக்கருவியைக் கழற்றிவிட்டுப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கொழும்புக்கு வந்து நாடாவை ஓடவிட்டபோது பாறை அதில் இல்லை. ஒலிவாங்கி தப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்துச் சத்தத்துக்கு ஏற்றபடி ஒலி அளவைக் குறைத்திருந்தார்கள். தூரத்துச் சத்தம் விழவே இல்லை. நாலு அடி, மூன்று வெற்றிடம். நாலு அடி, மூன்று வெற்றிடம். மறுபடி போக வண்டி கிடைக்காது. ஒலிபரப்பு நாள் குறித்தாகிவிட்டது.

மேலதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். சங்கீதம் தெரிந்த மனிதர்.

"ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் மூணு எண்ணிக்கை காணோம்."

"அது கார்வை சார், வேணும்னே விட்ட இடம்."

"கார்வை எங்கயாவது ஒரு இடத்துல வரும். பாட்டு முழுக்க வராது. கேக்குறவன் ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனைப்பான். வித்துவான் வெளியிலதான் இருக்கார். அந்த மூணையும் மெல்ல வாசிச்சுச் சேத்துடு. அரைமணி நேர வேலை."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வித்துவான் பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிருதங்கத்தோடு தயாராக இருந்தார். என் பயணச்சீட்டுத் தாளத்தை அவர் அழகாகவும் வாசிப்பார். கேட்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் இசையமைப்பாளன் ஆகிவிடுவேன். ஆனால் ஒரு மனிதனைப் பார்த்து, உன் அடியில் மூன்று குறைகிறது என்று மண்டபத்தில் வைத்துச் சொன்னேனே, அதையே இப்போது ஊருக்கெல்லாம் சொல்வதாக ஆகும். அவர் விட்ட இடத்தை நான் நிரப்பினால், அவருக்கு அடிக்கத் தெரியவில்லை என்றுதானே பொருள்?

"சேக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப உனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தர முடியாது."

"தெரியும் சார்."

அவர் நாடாவைத் தூக்கி எறியவில்லை. அதற்கு அவருக்கு நன்றி. யாரும் ரேடியோவைத் திறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் போட்டார். நான் பின்வரிசைக்குப் போனேன். அடுத்த இசை என் கைக்கு வர ஆறு வருடமானது. தியாகம் என்று யாராவது இதைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஆறு வருடமும் நான் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று 'சேக்க மாட்டேன்' என்று சொன்ன அந்த இரண்டு வார்த்தையை மட்டும் ஒருநாளும் நொந்துகொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைக்குப் போயிருந்தேன். தங்கள் ஆள் ரேடியோவில் வருகிறார் என்று லயமே கோயில் மேட்டில் கூடியிருந்தது. தலவாக்கலையிலிருந்து ஒலிபெருக்கிக்காரரைப் பிடித்து வந்து, பேட்டரியில் ஓடும் ரேடியோவோடு இணைத்து, கொம்புக் குழாயைச் சவுக்கு மரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். கீழே இருக்கும் லயத்துக்கும் கேட்கட்டும் என்றுதான். வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தப்புக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலையை வாரி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நாடாவில் பாறை விழவில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "பரவால்லீங்க, வெளியூர்க்காரங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ரேடியோவில் நாலு அடி கேட்டது. நிறுத்தம்.

பாறை மூன்று அடித்தது.

கூட்டம் அப்படியே பாறைப் பக்கம் திரும்பியது. மறுபடி நாலு. மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து மூன்று, பஞ்சில் சுற்றியது போல. முதலடி கனத்தது. மாரியாயி ரேடியோவில் பாடினார், நிறுத்தினார், பாறை அவர் குரலைத் திருப்பித் தந்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த வேகம் அந்த இடத்தில் வாங்கியது. அந்த இடத்தில் அது பிசகாமல் பொருந்தியது. அந்த மூன்று எண்ணிக்கையில் ஒரு விரல் தட்டல் சேர்த்திருந்தாலும், பாறை பேச இடம் இருந்திருக்காது.

நான் தப்புக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் பாறையில் இருந்தது.

"நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். "என் கையில குச்சி இல்ல. அது பாட்டுக்கு அடிக்கிதுங்க."